நார் மில் கட்டும் முன் இசைவாணை: முதலில் நிலத்தைப் பாருங்கள், ஷெட்டை அப்புறம் பார்க்கலாம்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். பொள்ளாச்சிக்குத் தெற்கே மூன்றரை ஏக்கர் தோப்புக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறீர்கள். தேங்காய் மட்டையிலிருந்து நார் உரிக்கும் மில் ஒன்றும், மிஞ்சும் நார்க்கழிவை (பித் என்பது இதுதான்) கழுவிக் காயவைத்து 5 கிலோ பித் கட்டியாக அழுத்தி ஏற்றுமதிக்குக் கொடுக்கும் யூனிட் ஒன்றும் போட நினைக்கிறீர்கள். ஷெட் போடும் கான்ட்ராக்டர் "ஷெட்டை நிறுத்துங்க, பொல்யூஷன் போர்டு அனுமதி அப்புறம் தானா வரும்" என்கிறார். உறவினர் ஒருவர் "தென்னை நார் வெள்ளை வகை, ஒண்ணுமே தேவையில்லை" என்கிறார். ஆடிட்டரோ "டெல்லி வரைக்கும் போய் இ.சி. வாங்கணும், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் எல்லாம் நடக்கும்" என்று பயமுறுத்துகிறார். மூன்று பேர் சொல்வதும் தவறு. அதில் உங்களுக்குக் கையைக் கடிக்கப் போவது கான்ட்ராக்டரின் யோசனைதான்.

ஆடிட்டரின் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006 செப்டம்பர் 14-இல் வந்தது. அதன் அட்டவணையில் இருக்கும் தொழில்களுக்குத்தான் முன் சுற்றுச்சூழல் அனுமதி (ஆடிட்டர் சொன்ன இ.சி.) வேண்டும்: அனல் மின் நிலையம், சிமெண்ட், சாராய வடிப்பாலை, பூச்சிக்கொல்லி உற்பத்தி, நாளைக்கு 5,000 டன்னும் அதற்கு மேலும் கரும்பு அரைக்கும் சர்க்கரை ஆலை, இந்த ரகம். அவற்றில் பெரியவை 'ஏ' பிரிவு, டெல்லியில் முடிவாகும். மற்றவை 'பி' பிரிவு, மாநில அளவிலான ஆணையம் பார்க்கும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் 30 நாள் முன்னறிவிப்போடு நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டம் இந்தப் பாதையில் வருவது. தென்னை நார் அந்த அட்டவணையில் இல்லை. தொழில் எதுவானாலும் கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் கட்டுமானம் என்ற கணக்கில் மாட்டிக்கொள்ளும். உங்கள் ஷெட் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆக, டெல்லியை மறந்துவிடுங்கள்.

ஆடிட்டர் குழம்பியதற்கு அந்த 'இ.சி.' என்ற எழுத்துகளும் காரணமாக இருக்கலாம். பித் வியாபாரத்தில் இ.சி. என்றால் மின்கடத்துத்திறன், அதாவது பித்தில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதைக் காட்டும் அளவு. வாங்குபவர் "லோ இ.சி." கேட்டால் கழுவிய பித் கேட்கிறார் என்று பொருள். சுற்றுச்சூழல் அலுவலகத்தில் இ.சி. என்றால் மேலே சொன்ன அனுமதி. மூன்றாவதாக ஒரு இ.சி.யும் உண்டு, சுற்றுச்சூழல் இழப்பீடு. முதல் இ.சி.யை ஒழுங்காகச் சமாளிக்காதவர்தான் மூன்றாவது இ.சி.யைக் கட்டுகிறார். அதற்கு அப்புறம் வருகிறேன்.

உங்களுக்கு வேண்டியது தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 25-வது பிரிவு, 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் 21-வது பிரிவு, இரண்டின் கீழும் வாங்க வேண்டும். விண்ணப்பம் ஒன்றுதான், ஆணை இரண்டு. அது இரண்டு கட்டமாக வரும்: கட்டுவதற்கு முன் 'நிறுவுவதற்கான இசைவாணை', கட்டி முடித்து ஓட்டுவதற்கு முன் 'இயக்குவதற்கான இசைவாணை'. பேச்சில் சி.டி.இ., சி.டி.ஓ. என்பார்கள்.

கான்ட்ராக்டர் சொன்னதுக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. நீர்ச் சட்டம் 1974-இல் வந்தபோது, கழிவுநீரை வெளியேற்றும் புதிய வாய் திறப்பதற்குத்தான் இசைவு கேட்டது. ஆலையைக் கட்டிக்கொள்ளலாம், குழாயைத் திறக்கும் அன்று போய் நின்றால் போதும். கோடிக்கணக்கில் போட்டுக் கட்டிய ஆலையை அந்தக் கட்டத்தில் வேண்டாம் என்று எந்த அதிகாரியால் சொல்ல முடியும்? 1988-இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். முன் இசைவு இல்லாமல் தொழிலை நிறுவவும் கூடாது, நிறுவுவதற்கான எந்த நடவடிக்கையும் எடுக்கவும் கூடாது என்று எழுதினார்கள். 'எந்த நடவடிக்கையும்' என்பதில் உங்கள் ஷெட்டின் அடித்தளமும் அடங்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் விண்ணப்பம் போட்ட கையோடு தூண் நிறுத்திவிட்டார். ஆய்வுக்கு வந்தவர் குறிப்பில் முதல் வரியே 'கட்டுமானம் தொடங்கப்பட்டுள்ளது' என்று வந்தது. அதற்கு விளக்கம் கொடுத்து, கூடுதல் கட்டணம் கட்டி, கோப்பு மறுபடி நகர்வதற்குள் ஒரு பருவமே போயிற்று. வங்கிக் கடனுக்கு வட்டி மட்டும் நிற்காமல் ஓடியது.

சரி, உறவினர் சொன்ன 'வெள்ளை வகை'. தொழில்களை எவ்வளவு மாசு தரும் என்பதை வைத்து சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று பிரித்து 2016-இல் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் பட்டியல் போட்டது. அப்போது மாசுக் குறியீடு 60-ஐத் தொட்டால் சிவப்பு, 20-க்குள் இருந்தால் வெள்ளை என்று இருந்தது. 2025-இல் அந்தக் கணக்கைத் திருத்தி, நீலம் என்று ஐந்தாவது நிறமும் சேர்த்திருக்கிறார்கள். அது குப்பை, கழிவுநீர் மேலாண்மை போன்ற அத்தியாவசியச் சேவைகளுக்கு. தென்னை நார் ஒரு காலத்தில் வெள்ளையில் இருந்தது உண்மைதான். 2021-இல் தமிழ்நாடு வாரியம் அதை ஆரஞ்சுக்கு மாற்றியது. தொழில் செய்பவர்கள் எதிர்த்தார்கள், போராடினார்கள், மனுக் கொடுத்தார்கள். இந்தப் பட்டியல் அவ்வப்போது மாறுகிற ஒன்று என்பதால், விண்ணப்பம் போடும் அன்றைக்கு வாரியத்தின் தளத்தில் இருக்கும் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 'உலர் முறை', 'கழுவுதல்' என்ற சொற்களைக் கவனித்துப் படியுங்கள். வெறும் நார் உரிப்பதும் பித் கழுவுவதும் ஒன்றல்ல. நீங்கள் கழுவப் போகிறவர். வெள்ளை என்ற கனவு உங்களுக்கு வேண்டாம்.

ஏன் மாற்றினார்கள் என்று புரிந்தால்தான் உங்கள் விண்ணப்பத்தில் எதை எழுத வேண்டும் என்பதும் புரியும். மட்டையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் நார், மற்றதெல்லாம் பித். அந்தக் காலத்தில் அது குப்பை, சாலையோரம் மலையாகக் கிடக்கும். மண்ணில்லா விவசாயத்துக்கு வெளிநாட்டில் கேட்பு வந்த பிறகு அதுவே சரக்காகிவிட்டது. ஆனால் பித்தில் இயல்பாகவே பொட்டாசியம், சோடியம் குளோரைடு உப்பு இருக்கிறது. பசுமைக்குடிலில் தக்காளி போடுகிறவருக்கு அந்த உப்பு ஆகாது. அதனால் இங்கே நல்ல தண்ணீரில் கழுவி, உப்பை இங்கேயே விட்டுவிட்டு, பித்தை அங்கே அனுப்புகிறோம். கழுவிய தண்ணீர் தேநீர் நிறத்தில் வரும். நிறத்தைப் பார்த்துத்தான் ஊர்க்காரர் சண்டைக்கு வருவார், ஆனால் உண்மையான சிக்கல் கண்ணுக்குத் தெரியாத உப்பு.

உப்பு விஷயத்தில் இந்தப் பகுதி ஏற்கனவே சூடுபட்டது. நொய்யலில் 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்காகக் கட்டியது, திருப்பூர் சாயக்கழிவின் தொட்டியாகிப் போனது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தன. நிறத்தையும் கரிமக் கழிவையும் குறைத்தன, உப்பை அப்படியே விட்டன. கடைசியில் 2011 ஜனவரி 28-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறை வந்தால்தான் திறக்கலாம் என்ற நிலை. சாதாரணத் தொட்டி, மணல் வடிகட்டி, சுண்ணாம்பு எதுவும் கரைந்த உப்பைப் பிடிக்காது. எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) கருவியும் ஆவியாக்கியும் பிடிக்கும், ஆனால் அந்தச் செலவை ஒரு பித் யூனிட் தாங்காது. அதனால் "சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்படும்" என்று விண்ணப்பத்தில் ஒற்றை வரி எழுதினால், விவரம் தெரிந்த பொறியாளர் திருப்பி அனுப்புவார். அனுப்பத்தான் வேண்டும்.

அப்போ என்ன எழுதுவது? தண்ணீர்க் கணக்கு எழுத வேண்டும். நாளைக்கு எத்தனை டன் பித், ஒரு டன்னுக்கு எவ்வளவு தண்ணீர், அதில் எவ்வளவு பித்தோடு காயவைக்கும் களத்துக்குப் போய் ஆவியாகும், எவ்வளவு வடிந்து திரும்பி வரும், திரும்பி வந்தது எங்கே போகும். பித் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும் பொருள் என்பதால் இந்தக் கணக்கு உங்களுக்குச் சாதகமாகவே வரும், ஒழுங்காகப் போட்டால். மூன்று தொட்டி வைத்து, கடைசிக் கழுவலின் தண்ணீரை அடுத்த லோடின் முதல் கழுவலுக்குத் திருப்புங்கள். புதுத் தண்ணீர்த் தேவை பெரிதாகக் குறையும். முதல் தொட்டியில் உப்பு ஏறி இனி ஆகாது என்னும் தண்ணீரை மட்டை நனைக்க எடுக்கலாம் என்று எல்லோரும் எழுதுவார்கள். கொஞ்சம் எடுக்கலாம், ஆனால் அந்த உப்பு மறுபடி பித்துக்குள்தான் வரும், எங்கேயும் மறைந்துவிடாது. எனவே அடியில் தார்ப்பாய் விரித்த ஆவியாதல் பாத்தி ஒன்றுக்கு இடம் ஒதுக்குங்கள். மழை பெய்யும் மாதங்களில் அது நிரம்பி வழியாதபடி கொள்ளளவு காட்டுங்கள். தென்மேற்குப் பருவம் உங்கள் பக்கம் நன்றாகவே பெய்யும், கோடை மாதக் கணக்கை மட்டும் காட்டினால் நம்ப மாட்டார்கள். கூரைத் தண்ணீரைச் சேமித்தால் கடைசிக் கழுவலுக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. மழை நீரில் உப்பு இல்லை.

"தென்னைக்கு விட்டுவிடுகிறேன், தென்னைதான் உப்பைத் தாங்குமே" என்று பலர் கேட்பார்கள். தாங்கும். பக்கத்துத் தோட்டத்துக் கிணறு தாங்காது.

இனி தண்ணீர் வருகிற வழி. நிலத்தடி நீரைத் தமிழ்நாட்டில் பிர்கா (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) வாரியாகக் கணக்கிட்டு, பாதுகாப்பானது, ஓரளவு அபாயம், அபாயம், அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டது என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். உங்கள் நிலம் எந்தப் பிர்கா, அது எந்த வகை என்று பாருங்கள். கடைசி வகையில் இருந்தால் தொழிலுக்கென்று ஆழ்துளைக் கிணறு போட அனுமதி வாங்குவது குதிரைக் கொம்பு. பாசனத்துக்கு வாங்கிய இலவச மின்சார மோட்டாரில் இறைத்துக்கொள்ளலாம், பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் பக்கத்தில்தானே போகிறது என்றெல்லாம் யாராவது காதில் ஓதுவார்கள். அது திருட்டு, இரண்டிலும் பிடிபட்டால் வாரியத்தைத் தாண்டி வேறு துறைகளும் வரும்.

இப்போது நிலத்துக்கு வருகிறேன். நியாயமாக இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் இசைவாணை மறுக்கப்படுவதற்கு நான் பார்த்த காரணங்களில் பாதிக்கு மேல் இடம் சம்பந்தப்பட்டவை. எந்திரத்தை மாற்றலாம், தொட்டியைப் பெரிதாக்கலாம், பத்திரம் முடித்த நிலத்தை நகர்த்த முடியாது. கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அ-பதிவேடும் (நிலப் பதிவேடு) புலப்படமும் (சர்வே எண்ணின் வரைபடம்) பாருங்கள். உங்கள் சர்வே எண்ணுக்குள்ளோ ஒட்டியோ ஓடை, வாய்க்கால் புறம்போக்கு போகிறதா? நேரில் அது மண் மூடிக் கிடக்கலாம், புலப்படத்தில் இருந்தால் இருக்கிறது. அப்புறம் நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் நில வகைப்பாட்டுச் சான்று. விவசாய மண்டலம் என்று வந்தால் நிலப் பயன்பாட்டு மாற்றம் கேட்க வேண்டும், அதற்கு ஆகும் காலம் இசைவாணைக்கு ஆவதைவிட அதிகம். பொள்ளாச்சிக்குத் தெற்கே என்கிறீர்கள். ஆனைமலைப் பக்கம் போகப் போக, கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் வருகிறதா, புலிகள் காப்பகத்தின் எல்லைக்கு எவ்வளவு தூரம் என்ற இரண்டு கேள்வியும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்து காற்று. இதை யாரும் ஏட்டில் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்று உங்கள் களத்தில் காயும் பித்தை அள்ளிக்கொண்டு கிழக்கே போகும். கிழக்கே வீடு இருந்தால், பள்ளிக்கூடம் இருந்தால், அந்த வருடமே புகார் வரும். நிலத்தைப் பார்க்க ஆடி மாதம் ஒரு நாள் போய் நில்லுங்கள். களத்துக்குக் கான்கிரீட் தளம், சுற்றிலும் உயரமாக வலை, தண்ணீர் தெளிப்பான், ஓரத்தில் இரண்டு மூன்று வரிசை மரம், சலிக்கும் எந்திரத்துக்கு மூடிய அறை. வாரியம் கேட்பதும் இவற்றைத்தான். தோப்பை வெட்டி மைதானமாக்கிவிடாமல் மேற்கு, கிழக்கு ஓரத் தென்னைகளை அப்படியே விடுங்கள், புதிதாக நட்டு வளர்க்கும் செலவு மிச்சம். பித் குவியல் கோடையில் உள்ளுக்குள்ளேயே கனன்று தீப்பிடிக்கும் என்பதால் குவியல்களுக்கு இடையே வழியும் காட்டுங்கள்.

விண்ணப்பம் முழுக்க இணையத்தில்தான். நிலப் பத்திரம் அல்லது குத்தகை ஒப்பந்தம், நில வகைப்பாட்டுச் சான்று, ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் வீடு, கிணறு, நீர்நிலை, சாலை எல்லாம் குறித்த வரைபடம், ஆலையின் அமைப்பு வரைபடம், உற்பத்தி எப்படி நடக்கும் என்ற படவிளக்கம், தண்ணீர்க் கணக்கு, முதலீட்டுக்குத் தணிக்கையாளர் சான்று. கட்டணம் நிலம், கட்டடம், எந்திரம் சேர்ந்த மொத்த நிலை முதலீட்டைப் பொறுத்தது. அதைக் குறைத்துக் காட்டி நாலு காசு மிச்சம் பிடிக்கச் சொல்வார்கள். பின்னால் வங்கிக்குக் கொடுத்த அறிக்கையில் வேறு தொகை இருக்கும், இரண்டும் ஒரே மேசையில் சந்திக்கும்.

ஆலோசகர் வைத்துக்கொள்வதில் தப்பில்லை, ஆனால் வேறு யாரோ ஒருவரின் விண்ணப்பத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுகிறவரிடம் மாட்டாதீர்கள். என் கைக்கு வந்த ஒரு கோப்பில் நார் மில்லின் கழிவுநீர்ப் பகுதியில் 'சாயத் தொட்டி' என்று இருந்தது. ஒரு கிலோமீட்டர் வரைபடத்தை நீங்களே ஒரு தடவை நடந்து சரிபாருங்கள். ஆய்வுக்கு வரும் பொறியாளர் முதலில் பார்ப்பது அதைத்தான். வரைபடத்தில் இல்லாத ஒரு வீடு நேரில் இருந்தால், மற்ற தாள்களையும் சந்தேகத்தோடுதான் புரட்டுவார்.

சட்டப்படி நான்கு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். நீர்ச் சட்டத்தில், அதற்குள் பதில் வராவிட்டால் இசைவு கிடைத்ததாகவே கொள்ளலாம் என்ற விதியும் இருக்கிறது. அதை நம்பித் தூண் நிறுத்தாதீர்கள். நடுவில் ஒரு விளக்கக் கடிதம் வந்திருந்தாலே நாள் கணக்கில் தகராறு வரும், தாளில் ஆணை இல்லாமல் வங்கியும் பணம் விடாது. மறுத்தால் காரணத்தோடு மறுக்க வேண்டும். 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் மேலே சென்னையில் இருக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு.

ஆணை வந்ததும் முதல் பக்கத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டு மடித்து வைக்கிறார்கள். பின் பக்கங்களில் இருக்கும் நிபந்தனைகளைப் படியுங்கள். நாளைக்கு எத்தனை டன் உற்பத்தி, எத்தனை கிலோலிட்டர் தண்ணீர் என்று போட்டிருக்கும். ஆர்டர் நன்றாக வருகிறதே என்று இன்னொரு பிரஸ் வாங்கிப் போட்டால் அது விரிவாக்கம், அதற்குத் தனி இசைவு. கட்டி முடித்ததும் நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறியிருப்பதைக் காட்டி, இயக்குவதற்கான இசைவாணை வாங்கிய பிறகுதான் மில்லை ஓட்டலாம்.

மூன்றாவது இ.சி.க்கு வருகிறேன் என்று சொன்னேன். மத்திய வாரியம் சுற்றுச்சூழல் இழப்பீட்டுக்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது: மாசுக் குறியீடு, மீறல் நடந்த நாள்கள், ஒரு ரூபாய்க் காரணி, தொழிலின் அளவு, இருக்கும் இடம், இந்த ஐந்தையும் பெருக்க வேண்டும். ஆரஞ்சுக்கு 50, ரூபாய்க் காரணி 250, சிறு தொழிலுக்கு 0.5, கிராமப்புற இடத்துக்கு 1 என்று வைத்தால் நாளைக்கு 6,250 ரூபாய். நாலு மாதம் இசைவு இல்லாமல் ஓட்டினால் ஏழரை லட்சம். அதைவிடப் பெரியது நீர்ச் சட்டத்தின் 33-ஏ பிரிவு. மூடச் சொல்லவும் மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லவும் வாரியத்துக்கு அதில் அதிகாரம் இருக்கிறது. கன்டெய்னர் தேதி கொடுத்துவிட்டு மின்சாரம் இல்லாமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்று அனுபவித்தவர்களைக் கேளுங்கள்.

"பெரிய கம்பெனிகள் கட்டிவிட்டுப் பின்னால் அனுமதி வாங்கவில்லையா?" என்றும் கேட்டிருந்தீர்கள். அது அந்த 2006 அறிவிக்கையின் கீழ் வரும் அனுமதி பற்றிய வழக்கு. பின்தேதியிட்ட அனுமதியே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. நவம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. பல நூறு கோடி போட்ட திட்டங்களும் அவற்றின் வழக்கறிஞர்களும் மோதும் களம் அது. மூன்றரை ஏக்கரை வைத்துக்கொண்டு அதில் நமக்கென்ன வேலை.

ஆகவே இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று. நிலத்துக்காரரிடம் போய் கிரய ஒப்பந்தத்தின் கெடுவை ஆறு மாதமாவது நீட்டிக் கேளுங்கள். நிலப் பயன்பாட்டு மாற்றமோ நிறுவுவதற்கான இசைவாணையோ மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்று ஒரு ஷரத்தும் எழுதி வாங்குங்கள். கொஞ்சம் விலை ஏற்றிக் கேட்பார், கொடுக்கலாம். அதற்கும் ஒப்பாமல் அவசரப்படுத்தினால், அதே நிலத்துக்கு உங்களுக்கு முன்னால் வேறு யாராவது மில் போட விண்ணப்பித்திருக்கிறார்களா என்று மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் சர்வே எண்ணைச் சொல்லி ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.